பறவை காட்டப் போய்ப் பட்ட வெட்கங்கள்

பறவை காட்டுகிற தொழிலில் சரக்குக்குச் சிறகு இருக்கிறது. வாடிக்கையாளர் வந்து இறங்குகிற நேரத்தில் அது கடையில் நிற்கும் என்று எந்த முதலாளியும் சத்தியம் பண்ண முடியாது.

எனக்கு ஊர் மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி. மாரி தொடங்கியதும் மன்னாருக்கு வடக்கிலிருந்து பறவைகள் வரும். பறவைகளுக்குப் பின்னால் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று ஆட்கள் வருவார்கள். அவர்களைக் கடல்நீர் தேங்குகிற களப்புக்கும் குளத்துக்கும் கடற்கரைக்கும் கூட்டிக்கொண்டு போய், “அந்தா, கம்புக்கு இடப்பக்கம், வலப்பக்கமில்லை, இடப்பக்கம்” என்று காட்டுவது என் வேலை. வான் ஓட்டுவது பேசாலை ஊர்க்காரன் யூட். யூட்டுக்குக் கோழியைத் தவிர வேறு எந்தப் பறவையிலும் அக்கறை இல்லை. மற்றதெல்லாம் அவனுக்கு “உங்கட சாமான்.” முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, என்னை ‘நானா’ என்பான்.

வருகிறவர்கள் தேடுவது ‘லைஃபர்.’ வாழ்க்கையில் அதுவரை கண்டிராத ஓர் இனத்தை முதன்முதலாகக் கண்டால் அதற்கு அந்தப் பெயர். கண்ட கையோடு வட்ஸ்அப் குறூப்பில் படம் போட வேண்டும். மற்றவர்கள் கைதட்டுகிற படம் அனுப்ப வேண்டும். அதில் பாதிப்பேர் வயிறெரிந்துகொண்டு கைதட்டுவார்கள். எங்கள் பகுதிக்கான அந்தக் குறூப்பை நடத்துகிற பாவியும் நான்தான். கழுத்தில் பைனாகுலர் தொங்க, “இப்ப வரும், இப்ப வரும்” என்று சொல்லிக்கொண்டு வெறும் வானத்தின் கீழ் நின்ற சகபாவிகள் யாராவது இதை வாசித்தால், பக்கத்தில் இன்னொருவன் நிற்கிறான் என்று ஆறுதல்படுங்கள்.

நானாட்டான் குளத்து விருந்தாளி

தொழிலுக்கு வந்த புதிது. நானாட்டான் பக்கத்தில் ஒரு சின்னக் குளம். விடியற்பனி இன்னும் கலையவில்லை. ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதக்க, அதற்கு நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி நின்றது. கரும்பச்சைத் தலை, வெள்ளைக் கழுத்து, நெஞ்சில் செம்பட்டை. என்னிடம் இருந்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தும் அப்படியொரு வாத்து அதில் இல்லை. நாட்டுக்கே புதிய பறவை, கண்டவன் நான். தூரத்திலிருந்து எடுத்த மங்கல் படத்தைக் குறூப்பில் போட்டு, ‘எனக்கு லைஃபர், உங்களுக்கும்தான், உடனே வாங்கோ’ என்று எழுதினேன்.

அடுத்த நாள் காலை அணைக்கட்டில் வாகனம் நிறுத்த இடமில்லை. கொழும்பிலிருந்து இரவிரவாக ஓடி வந்தவர்கள், பேராசிரியர் ஒருவர், பீரங்கிக் குழாய் போல நீண்ட கமெராவைத் தோளில் சுமந்த இருவர், எல்லாரும் நின்றார்கள். நான் கலியாண வீட்டுக்காரன் மாதிரி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். வாத்தும் ஏமாற்றவில்லை. அதே இடத்தில் மிதந்தது. அந்த நேரம் பார்த்து, குளத்தின் அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மனுசி சோற்றுக் கோப்பையோடு இறங்கி வந்து, நாக்கைத் தட்டிச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். நாட்டுக்கே புதிய பறவை குளத்தை விட்டு ஏறி, ஆடி ஆடி அவளிடம் நடந்து போனது. காட்டு வாத்தும் வீட்டு வாத்தும் கலந்து பிறந்த ஒன்று அது, அவள் வளர்க்கிறது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பேராசிரியர் கமெராவின் மூடியை மெதுவாகப் பூட்டினார். அந்த மனுசி இத்தனை பேரைக் கண்டு திகைத்துப்போய், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “இதைப் பாக்கவோ கொழும்பில இருந்து வந்தனீங்கள்? முன்னமே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, குளிப்பாட்டியெல்லோ விட்டிருப்பன்.”

ஓலைத்தொடுவாயில் ஒரு தேத்தண்ணி

ஜெயந்தி என்று மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு நில அளவையாளர். பெரிய கருந்தலைக் கடற்காகம் ஒன்றைக் காண வேண்டும் என்பது அவருக்குப் பல வருசத்து ஆசை. வழக்கமான கடற்காகம் அதற்குப் பக்கத்தில் நின்றால் காகத்துக்குப் பக்கத்தில் மைனா நின்ற மாதிரி இருக்கும், அவ்வளவு பெரிது. அவர் போன இடமெல்லாம் அது முந்தின நாள் வந்து போயிருக்கும். எங்களோடு அன்று வேறு நான்கைந்து பேரும் இருந்தார்கள். விடியலில் இருந்தே ஓலைத்தொடுவாய்க் கரையில், வள்ளங்கள் மீனிறக்குகிற இடத்தில், காத்து நின்றோம்.

வெயில் ஏறியதும் ஜெயந்தி என்னருகில் வந்து, தணிந்த குரலில், பெண்கள் போகிற மாதிரி ஓர் இடம் எங்கே என்று கேட்டார். எனக்கு முகம் விறைத்துவிட்டது. ஆம்பிளைகளுக்குப் பனங்காடு முழுக்க இடம். இத்தனை வருசம் எத்தனையோ பெண்களைக் கூட்டிவந்திருக்கிறேன், அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. காலையில் கொடுத்த தண்ணீர்ப் போத்தலை அவர் திறக்காமலே வைத்திருந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. ஓடிப்போய் உள்வீதியில் தெரிந்த ஒரு வீட்டில் கேட்டு, அங்கே விட்டு வந்தேன். “ஒரு அவசரமும் இல்லை, ஆறுதலா வாங்கோ” என்று வேறு சொல்லி வைத்தேன்.

நான் கரைக்கு வந்து சேரவும் அந்தக் கடற்காகம் வந்தது. கறுத்த தலையும் மஞ்சள் சொண்டுமாக, வந்து எங்களுக்கு முன்னால் மணலில் இறங்கி, மாப்பிள்ளை படம் எடுக்க நிற்பது போல நின்றது. நான் யூட்டை ஓடிப்போய்க் கூட்டிவரச் சொன்னேன். அவன் பாதித் தூரம் போவதற்குள் ஒரு கழுதை எங்கிருந்தோ வந்து மணலை உதைத்துப் புரள, பறவை எழும்பிக் கடலுக்கு மேலே போயே போய்விட்டது. ஜெயந்தி கையில் ஒரு பிஸ்கட்டோடு சிரித்துக்கொண்டு வந்தார். “நல்ல மனுசி. தேத்தண்ணி குடிக்காமப் போக விடமாட்டன் எண்டிட்டா” என்றார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் கமெராவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

வானுக்குள் எல்லாரும் ஏறினோம். லைஃபர் கண்டவர்கள் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். என்னால் பின்னால் திரும்பவே முடியவில்லை. தள்ளாடிப் பாலத்துக்குக் கிட்ட வரும்போது ஜெயந்திதான் வாயைத் திறந்தார்: “படத்தைக் காட்டுங்கோவன். நீங்கள் சந்தோசப்படாம அடக்கிக்கொண்டு இருக்கிறதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக் கிடக்கு.”

கண்டன், கண்டன்

இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் சொல்கிற மிகப் பெரிய பொய், “ஓம், கண்டிட்டன்” என்பது. அதைத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது நமது பொய். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டுதான் வண்டி ஓடுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் மகளோடு வந்தார். அவருக்கு நண்டு உள்ளான் காண வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த சொண்டோடு, சேற்று மேட்டில் நண்டு பிடித்துத் தின்கிற பறவை. இங்கே விட்டால் நாட்டில் வேறெங்கும் காண்பது அரிது. தலைமன்னார்ப் பக்கம் கடல் வற்றின நேரத்தில் ஒரு திட்டில் கூட்டமாகவே நின்றன. தொலைநோக்கியைச் சரிசெய்து அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். “எங்க?” என்றார். “நேரே.” “எங்க, தம்பி?” “ஐயா, நேரே, நடுவில.” பின்னால் மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள், கடல் ஏறத் தொடங்கியிருந்தது. என் குரல் எனக்கே கேட்கிற அளவுக்கு உயர்ந்துவிட்டது. “வெள்ளையா நிக்குதே, ஐயா. கண்ணுக்கு முன்னால நிக்குதே.” உடனே அவர், “ஆ, ஓம், கண்டன், கண்டன், நல்ல வடிவு” என்று சொல்லி விலகினார். நான் பெருமையோடு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

திரும்பி வரும் வழியில் மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை, அடுத்த மாசம் சத்திரசிகிச்சைக்கு நாள் தந்திருக்கிறார்கள், அதற்கு முதல் வரவேண்டும் என்று பிடிவாதமாக வந்தவர் என்று. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்திருக்கலாமே என்று நான் கேட்க, அதில் ஏதும் பிசகிவிட்டால் என்ற பயம் அவருக்கு என்றாள். நான் வானை நிறுத்தச் சொல்லி, இறங்கி, அவர் பக்கத்துக் கதவடிக்குப் போனேன். “ஐயா, காணயில்லை எண்டு சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நீர் அவ்வளவு கஷ்டப்பட்டுக் காட்டேக்க, எனக்குத் தெரியயில்லை எண்டு சொல்ல வெட்கமாப் போச்சுது, தம்பி.”

மாத்தறை மாஸ்டர்

மாத்தறையிலிருந்து ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் வருசம் தவறாமல் எங்களிடம் வருவார். பெயர் விமலதாச. தமிழ் பேசிப் பழக வேண்டும் என்று எங்களோடு தமிழிலேயே கதைப்பார். ஒருமுறை அவர் மட்டும் தனியே வந்திருந்தார். கடற்கரையோரம் ஒரு காவலரணைத் தாண்டிப் போய், பூநாரைகள் நிற்கிற இடத்தில் தொலைநோக்கியை நட்டோம். சிறிது நேரத்தில் சீருடையில் ஒரு பொடியன் நடந்து வந்தான். என் மூத்த மகனின் வயசிருக்கும். மரியாதை இல்லாமலும் இல்லை. ஆனால் நேரே என்னிடம் வந்து, அடையாள அட்டை எங்கே, எந்த ஊர், இந்தக் கருவி எதற்கு, யாரிடம் கேட்டு நட்டது என்று சிங்களத்தில் கேட்டான்.

நான் கூனிக்கொண்டு நின்றேன். அட்டையை நீட்டி, “சேர்” என்றேன். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு சேர், பின்னால் ஒரு சேர். என் வீடு இந்தா அந்தப் பனைகளுக்குப் பின்னால் என்று கை காட்டினேன். சிறுவயதில், யுத்த காலத்தில் ஊர் முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது, இந்த ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போய், முகாமில் வளர்ந்து, தாடி நரைக்கத் தொடங்கிய பிறகு திரும்பி வந்து வீடு கட்டியவன் நான். அதையெல்லாம் அவன் கேட்கவில்லை. கேட்காததற்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவன் மாஸ்டரைப் பார்த்தான். எங்கே வீடு என்று கேட்டான். மாத்தறை என்றதும் முகம் மலர்ந்தது, அவனுடைய பெரியம்மா வீடும் அங்கேதான். அட்டை அப்படியே என் கையில் திரும்பி வந்தது. மாஸ்டர் அவனைத் தொலைநோக்கிக்குள் பார்க்கச் சொன்னார். தினமும் தூரத்தில் வெள்ளைக் கோடாகக் கண்டது இளஞ்சிவப்புப் பறவை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தபடி வெகுநேரம் பார்த்தான். எல்லாரும் சிரித்தோம். அதிகம் சத்தமாகச் சிரித்தது நான்.

அவன் போன பிறகு மாஸ்டர் பறவையைப் பார்க்கவில்லை. வானுக்குள் போய் இருந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சொற்களைத் தேடித் தேடி எடுத்தார்: “இது நீங்க பிறந்த ஊர். நான் வெளி ஆள். அவர் என்கிட்ட கார்டு கேக்க இல்ல. நீங்க சிரிச்சீங்க, அதுதான் எனக்கு தாங்க முடிய இல்ல.”

சிரிக்கிற மஞ்சள் முகம்

திருக்கேதீஸ்வரத்தில் பரமேஸ்வரி அக்கா என்று ஒருவர். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை. நான் அங்கே ஏதோ அலுவலாகப் போனபோது என் வானில் ஒட்டியிருந்த பறவைப் படத்தைக் கண்டு விசாரித்து, குறூப்பில் தன்னையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். சில நாள் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒரு காலை படம் ஒன்று வந்தது. ‘இன்று நான் முதன்முதலாகக் கண்டது: செண்பகம். எங்கள் வேலியில்.’ செண்பகம் என்பது சிவந்த கண்ணும் செம்பட்டைச் சிறகுமாக நமது ஊரில் வேலிக்கு வேலி நிற்கிற சாமான். அதற்கு முந்தின நாள்தான் ஒருவர் எங்கோ தூரக் கடலில் கண்ட அபூர்வமான ஆலா ஒன்றைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே இந்தச் செண்பகம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றைத் தட்டி அனுப்பினேன். பகிடியாகத்தான். குறூப்பை நடத்துகிறவனே சிரித்துவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். ஒருவர், ‘நாளைக்குக் காகம் வரும், எதிர்பாருங்கள்’ என்று எழுதினார். மத்தியானம் பார்த்தால் பரமேஸ்வரி அக்கா குறூப்பில் இல்லை.

அடுத்த கிழமை மன்னார் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். மறைய நினைத்தேன், அதற்குள் அவர் கண்டுவிட்டார். கிட்டப் போய், “என்னக்கா, குறூப்பை விட்டுப் போயிட்டியள்?” என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: “எனக்கு எல்லாமே முதல்தரம், தம்பி. இந்த வயசிலதான் நிமிர்ந்து பாக்க நேரம் கிடைச்சிருக்கு. நாளுக்கு ஒண்டு அனுப்பினா, சிரிச்சுச் சிரிச்சு உங்களுக்கும் வாய் நோகுமெல்லோ?”

செல்வராசா அண்ணையின் மேட்டுத்துண்டு

இதை எழுதாமல் விடலாம் என்று இரண்டு தரம் பேனையை வைத்தேன்.

நானாட்டான் வயல்காரர் செல்வராசா அண்ணை எனக்குப் பழக்கமானது, அவருடைய உழவு இயந்திரம் சேற்றில் புதைந்த ஒரு நாள் நானும் யூட்டும் தள்ளிக் கொடுத்ததால். அவருடைய வயலின் ஒரு மூலையில் கல்லும் சரளையுமாக ஒரு மேட்டுத்துண்டு. அங்கே ஒரு சோடிப் பறவை இருப்பதை நான் கண்டேன். மண் நிறம், மெலிந்த கால், கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு. கொஞ்சத் தூரம் ஓடும், சட்டென்று நிற்கும், பிறகும் ஓடும். நாங்கள் எங்களுக்குள் ‘ஓடுவான்’ என்று சொல்லிக்கொண்டோம். அபூர்வத்திலும் அபூர்வம். வெறுந்தரையில், கூடென்று ஒன்று இல்லாமல், முட்டையிட்டிருந்தது. சிறுபோகத்துக்கு உழுகிற நேரம். அந்தத் துண்டையும் சேர்த்து உழுது உழுந்து போடப்போவதாக அண்ணை சொல்லியிருந்தார். நான் முட்டையைக் காட்டி, குஞ்சு பொரிக்கும் வரைக்கும் விடச் சொல்லிக் கேட்டேன். அவர் குந்தியிருந்து பார்த்தார். “இதுக்குத்தான் இந்தப் பாடோ?” என்று கேட்டுவிட்டு, அந்த மூலையை விட்டு உழுதார். உழவு இயந்திரம் அதைச் சுற்றி வளைந்து போனதை நான் நின்று பார்த்தேன்.

கண்டியிலிருந்து ஒரு பல்வைத்தியர் வந்தார். என்னிடம் பல தரம் வந்த, நல்ல மனிதர். இந்தப் பறவையைத் தேடித் தேடி ஓய்ந்துபோனவர். அவருக்கு மட்டும், வெகு தூரத்திலிருந்து, காட்டினேன். பார்த்துவிட்டு அழுதார். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று தன் மகள் மேல் சத்தியம் பண்ணினார். அந்த நேரத்தில் அது உண்மையான சத்தியம்தான். ஆனால் வாழ்க்கையில் முதன்முறை கண்டதை ஒரு மனிதன் எவ்வளவு நேரம் நெஞ்சுக்குள் வைத்திருப்பான்? மத்தியானச் சாப்பாட்டு மேசையில் குறூப்பில் படம் போட்டுவிட்டார். இடத்தின் பெயர் எழுதவில்லை. படத்தின் பின்னால் கோயில் வளைவும் மின்மாற்றியும் தெரிந்தன. பறவை பார்க்கிறவர்களுக்கு இடம் பிடிக்க அதுவே போதும்.

மறுநாள் காலை அண்ணை போன் எடுத்து, “தம்பி, உங்கட ஆக்கள் வந்து நிக்கினம்” என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது வரம்பில் வாகனம் ஏறி, வரம்பு சரிந்து, வாய்க்கால் தண்ணீர் பக்கத்துக் காணிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டுத்துண்டைச் சுற்றி ஆட்கள் குந்தியும் படுத்தும் கிடந்தார்கள். கெட்டவர்கள் இல்லை, ஒருவர் மற்றவருக்கு இடம் விட்டுக் கொடுத்து, மெதுவாகக் கதைத்து, சந்தோசமாக இருந்தார்கள். பறவை இரண்டும் முட்டைக்கு வர முயன்று, ஓடி, நின்று, திரும்பி ஓடிக்கொண்டிருந்தன. வெயில் கொதித்தது. அண்ணையின் மனைவி எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டுக் கேட்டு ஒவ்வொருவராக எழுப்பி அனுப்பினேன். போகிறவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார்கள். எல்லாரும் போய் முடிய, முட்டை கிடந்த இடத்தில் ஒரு காகம் வந்து இறங்கியது, அது எழும்பிப் போனபோது முட்டை இல்லை.

அடுத்த நாள் நானும் யூட்டும் மண்வெட்டியோடு போனோம். வரம்பைக் கட்டினோம். அண்ணையும் எங்களோடு நின்று மண் போட்டார். நான் என்ன சொல்லித் தொடங்கினாலும் “பரவாயில்லை” என்று அதை வெட்டினார். வேலை முடிந்து கை கழுவும்போது, அந்தச் சரளை மூலையைப் பார்த்தபடி, குரலில் ஒரு கசப்பும் இல்லாமல், அனுமதி கேட்கிற மாதிரியே கேட்டார்: “பாக்க வேண்டியவை பாத்திட்டினம். இனி அதையும் உழலாம்தானே, தம்பி?”

பெயர் தெரியாத சாம்பல் குருவி

வழிகாட்டியின் வாயில் ‘தெரியாது’ என்ற சொல் வரக்கூடாது என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். தெரியாவிட்டால், “இளம் பறவை, நிறம் இன்னும் பிடிக்கயில்லை” என்று சொல்லிச் சமாளிக்கலாம். “வெளிச்சம் சரியில்லை” என்று சொல்லலாம். நானும் நிறையச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் நம்பி, கை கொடுத்து, ஊருக்குப் போயிருக்கிறார்கள்.

போன மாரியில் வங்காலைக் களப்பில் வவுனியா ஆஸ்பத்திரித் தாதிமார் கூட்டம் ஒன்றோடு நின்றேன். சேற்றில் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன உள்ளான்கள் மேய்ந்தன. அவர்களில் மூத்தவர், சிவகாமி என்று பெயர், “நவாஸ், அந்தக் கரையில தனிய நிக்குதே, சாம்பல் நிறத்தில, அது என்ன?” என்று கேட்டார். பார்த்தேன். கால் ஒரு மாதிரி, சொண்டு இன்னொரு மாதிரி. அது நடக்கிற விதம் நான் அறிந்த எதற்கும் பொருந்தவில்லை. வழக்கமான பொய் தொண்டை வரை வந்தது. ஆனால் இரண்டு நாளாக அவர்கள் நான் சொன்ன ஒவ்வொரு பெயரையும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரித் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பொய்யையும் வவுனியாவுக்குக் கொண்டுபோய்ப் பாடமாக்கப் போகிறார்கள். காது சூடேற, நிலத்தைப் பார்த்தபடி, “தெரியாது, அக்கா” என்றேன். இன்னொருவருக்குக் கேட்கவில்லை. “என்னவாம்?” என்றார். அதையே சத்தமாகவும் சொல்ல வேண்டி வந்தது.

பிறகு சிவகாமி அக்கா தன் புத்தகத்தை எடுத்தார், இன்னொருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினார். கால் மஞ்சளா பச்சையா என்று சண்டை பிடித்தார்கள். என்னையும் இழுத்து நடுவில் விட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். படம் குறூப்புக்குப் போனது. பேராசிரியரும் தனக்குத் தெரியாது என்று எழுதினார். இன்று வரைக்கும் முடிவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்த யூட் கடைசியில் இறங்கி, என் பக்கத்தில் வந்து நின்று, சேற்றுக்குள் நின்ற தாதிமாரைப் பார்த்தபடி சொன்னான்: “தெரியாது எண்டு சொன்னா ஆக்கள் எழும்பிப் போயிடுவினம் எண்டெல்லோ இவ்வளவு நாளும் பயந்தனீங்கள், நானா. இப்ப எப்பிடி இவையளை வானுக்குள்ள ஏத்திறது எண்டு நீங்களே சொல்லுங்கோ.”

வந்தவர்கள் கண்ட புதுப் பறவைகளைவிடக் காட்டப் போன நான் கண்ட புது வெட்கங்கள் அதிகம் என்றாலும், அடுத்த மாரிக்கும் வானைக் கழுவி வைக்கச் சொல்லி யூட்டிடம் சொல்லியிருக்கிறேன்.